காற்றில் கலந்த ஹிம்சை

அறியாமல் செய்த தீங்கு பாபமாகுமா என்ற கேள்வி, நம் நாட்டுச் சமயங்கள் தமக்குள் நடத்திவந்த வழக்குகளில் மிகப் பழையது. பௌத்தர்கள் எண்ணத்தை முதலாக வைத்தார்கள். கொல்ல வேண்டும் என்ற சேதனை உள்ளத்தில் எழாதவனுக்குக் கொலையின் வினை ஒட்டாது என்றார்கள். சமணர்கள் அதை ஒப்பவில்லை. ஓர் உயிருக்கு நேர்ந்த நோவு, அதை விளைத்தவனுடைய நெஞ்சத்தைப் பார்த்துக் கூடுவதோ குறைவதோ இல்லை. ஆகையால், எண்ணம் சுத்தமாக இருந்தது என்ற ஒரே ஆதாரத்தைக் கொண்டு வினையிலிருந்து தப்பிவிட முடியாது என்று அவர்கள் வாதித்தார்கள். தமிழில் இந்த வழக்கு முழு வேகத்தோடு நடப்பதைக் காண விரும்புகிறவர்கள், பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936-இல் பதிப்பித்த நீலகேசியைப் பார்க்கலாம். கடைக்காரன் கொன்ற மிருகத்தின் மாமிசத்தை விலை கொடுத்து வாங்கி உண்பவனுக்குக் கொலையில் பங்கு உண்டா இல்லையா என்பதை எடுத்துக்கொண்டு, அந்நூலின் நாயகியான சமணப் பெண் பௌத்த ஆசாரியர்களை ஒருவர் பின் ஒருவராக மடக்குகிறாள். வாங்குகிறவன் இருப்பதனால்தான் கொல்கிறவன் இருக்கிறான் என்பது அவள் கட்சியின் சாரம். அந்த நூலின் தர்க்கத்தில் சில இடங்கள் முரட்டுத்தனமானவை. எதிர்க்கட்சியின் வாதத்தை முழு பலத்தோடு எடுத்துரைக்கும் நியாயம் எங்கும் காக்கப்படவில்லை. ஆனால் செயலுக்கும் அதன் பயனுக்கும் இடையே எத்தனை கைகள் மாறினாலும் பொறுப்பு கரைந்து போவதில்லை என்ற அடிப்படை, இன்று நமக்கு முன்னெப்போதையும்விட வேண்டியதாக இருக்கிறது.

இந்தப் பழைய வழக்கை இங்கே அவிழ்ப்பதற்குக் காரணம் மும்பைப் புறநகரான பாண்டுப்பின் காற்று.

மத்திய ரயில் பாதையில் காஞ்சூர்மார்க்குக்கும் நாஹூருக்கும் இடையே, மேற்கே விஹார் ஏரியை மறைத்து நிற்கும் குன்றுகளுக்கும், கிழக்கே தாணே கழிமுகத்தின் உப்பளங்களுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற இந்தப் புறநகரத்தில், தொழிற்சாலைகளை நம்பி வந்த தமிழர்களும் மலையாளிகளும் கொங்கணத்தாரும் உத்தரப் பிரதேசத்தாரும் தலைமுறைகளாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். டெம்பிபாடா முதலான குன்றுச் சரிவுகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போன்ற வீடுகள். வீட்டுக்கு வீடு நீலப் பிளாஸ்டிக் பீப்பாயில் தண்ணீர். மழைக்காலத்தில் கூரைமேல் விரித்த தார்ப்பாயின் மடிப்புகளிலும் தண்ணீர். ஆகவே கொசு. கொசுவை முன்னிட்டு, மழை தொடங்கியது முதல் தீபாவளி கழியும் வரை, மாநகராட்சியின் பூச்சிநாசினிப் பிரிவைச் சேர்ந்த ஊழியர் தோளில் தொங்கும் இயந்திரத்தோடு சந்துகளில் புகை அடித்துக்கொண்டு போகிறார். அவர் முகத்தில் பெரும்பாலும் ஒரு கைக்குட்டைதான் கட்டியிருக்கும். அதே லால் பகதூர் சாஸ்திரி சாலையில், முலுண்டுக்கும் காட்கோபருக்கும் இடையே வெறுங்காலோடு நடந்துபோகிற ஸ்தானகவாசி ஜைன சாத்விகளின் முகத்திலும் ஒரு வெள்ளைத் துணி உண்டு. இரண்டு துணிகளுக்கும் உத்தேசம் நேர்மாறானது. காற்றிலுள்ள விஷம் தனக்குள் போகாதிருக்க ஒருவர் கட்டிக்கொள்கிறார்; தன் மூச்சின் உஷ்ணத்தால் காற்றிலுள்ள ஜீவன்களுக்கு உபாதை நேராதிருக்க மற்றவர் கட்டிக்கொள்கிறார்.

காற்றில் ஜீவன்கள் என்பதை நாம் இக்காலத்தில் கிருமிகள் என்று பொருள் கொண்டு, நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று பெருமைப்பட்டுக்கொள்ளும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அது வீண் பெருமை. ஜைன ஆகமம் சொல்வது அதைவிட விசித்திரமானது. மண்ணையும் நீரையும் தீயையும் தாவரத்தையும் போலவே காற்றையும் தன் சரீரமாகக் கொண்ட ஜீவன்கள் உண்டு, அவை வாயுகாயிக ஜீவன்கள், அவற்றுக்குத் தொடு உணர்வு ஒன்று மட்டுமே இந்திரியம் என்று அது சொல்கிறது. அதாவது, காற்று உயிர்கள் மிதக்கும் வெற்றிடமாக மட்டும் இருக்கவில்லை. காற்றே நோவுக்கு உட்பட்ட ஒரு தேகமாக இருந்தது. சைவரும் வேறொரு வழியாக இதனருகே வந்தார்கள். ஈசனுடைய அஷ்டமூர்த்தங்களில் ஒன்றாகக் காற்றை எண்ணி, ஐம்பூதத் தலங்களுள் திருக்காளத்தியை வாயுவுக்கு ஒதுக்கினார்கள். அங்கே கர்ப்பகிருகத்தில் எரியும் விளக்குகளில் ஒன்று, காற்று வர வழியில்லாத இடத்திலும் அசைந்துகொண்டிருப்பதைச் சுட்டிக்காட்டி வாயுவின் சான்னித்தியத்தை அர்ச்சகர்கள் விளக்குவார்கள். நம்புகிறவர் நம்பட்டும், நமக்கு வேண்டியது அந்த விளக்கிலுள்ள முறை. கண்ணுக்குப் புலப்படாததை அறிய, புலப்படுகிற வேறொன்றை அதன் சாட்சியாக நிறுத்துவது. நியாய சாஸ்திரத்தார் இதை அனுமானப் பிரமாணம் என்பார்கள்.

பூச்சிமருந்தின் விஷயத்தில் பிரத்யக்ஷம் பெரும்பாலும் நம்மை ஏமாற்றிவிடுகிறது. கொசுப்புகை அடித்த சந்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மருந்து வாடை தாங்கவில்லை என்கிறோமே, அந்த வாடையில் பெரும்பகுதி மருந்தினுடையது அன்று. தெருவில் அடிக்கும் புகைக்கு மாலத்தியானைக் கலக்கும்போது நூற்றில் ஐந்து பங்குதான் மருந்து. மீதி தொண்ணூற்றைந்தும் டீசல். வீட்டுக்குள் தெளிக்கிற பைரத்ரம் சாற்றுக்கும் ஒரு பங்குக்குப் பத்தொன்பது பங்கு மண்ணெண்ணெய் சேர்க்கிறார்கள். வாடை போனதும் விஷம் போயிற்று என்று ஜன்னலைத் திறக்கிறவரும், வாடையே இல்லாத இடத்தில் நிம்மதியாக மூச்சு விடுகிறவரும் ஒரே பிழையின் இரண்டு பக்கங்களில் நிற்கிறார்கள். எது நெடுநாள் தங்குகிறதோ, எது காற்றின் முதுகில் ஏறித் தேசாந்தரம் போகிறதோ, அது பெரும்பாலும் நிறமற்று, மணமற்று, ஒரு கனமீட்டர் காற்றில் பிகோகிராம் கணக்கில் இருக்கிறது. ஒரு பிகோகிராம் என்பது ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. நாளொன்றுக்குப் பத்துக் கனமீட்டருக்கு மேல் காற்றை உள்ளிழுக்கும் நம் நாசிக்கு அதை அறியும் சக்தி இல்லை.

அதை அறிய மனிதன் கண்டுபிடித்த உபாயம் வியக்கத்தக்க அளவுக்கு எளியது. இரண்டு எஃகுக் கிண்ணங்களை இடைவெளி விட்டு வாயோடு வாயாகக் கவித்து, நடுவே மெத்தைக்குப் போடுகிற நுரைப்பஞ்சில் ஒரு வட்டமான வில்லையைச் செருகி, மொட்டை மாடியில் தொங்கவிடுகிறார்கள். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. காற்று தன் போக்கில் கிண்ணங்களுக்கு நடுவே நுழைந்து வெளியேறுகிறது. அதிலுள்ள கரிமச் சேர்மங்கள் சிறிது சிறிதாகப் பஞ்சில் தங்குகின்றன. சில வாரங்களோ மாதங்களோ சென்றபின் பஞ்சை எடுத்து, கரைப்பானில் ஊறவைத்து வடித்து, கேஸ் குரோமட்டோகிராப், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவிகளில் செலுத்தினால், அந்த இடத்துக் காற்று அத்தனை நாளும் எதெதைச் சுமந்து வந்தது என்பது பெயரும் அளவுமாக வெளிவருகிறது. அவசரமாகத் தெரிய வேண்டுமானால் பம்பு வைத்துக் காற்றை இழுத்து, துகள்களுக்கு ஒரு வடிதாளும் ஆவிக்கு நுரைப்பஞ்சுமாக ஒரே நாளில் பிடிக்கிறார்கள். இதில் கருவியைவிடப் பொறுமை முக்கியம். ஒரே இடத்தில், பருவம் மாற மாற, ஆண்டு மாற மாற, சலிப்பில்லாமல் எடுத்துக்கொண்டே இருந்தால்தான் எண்ணுக்கு அர்த்தம் பிறக்கும்.

அப்படிப் பொறுமையாக எடுத்த ஒரு கணக்கு நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அதை அறிந்த தமிழர்கள் மிகச் சிலர். சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்த நிலையத்தைச் சேர்ந்தவர்களும், ஜப்பான் தேசத்து எஹிமே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டனாபே, டட்சுகாவா முதலியவர்களும் கூடி, 1987 டிசம்பர் தொடங்கி 1989 ஜனவரி வரை அவ்வூர்க் காற்றை எடுத்துப் பரிசோதித்தார்கள். அந்நாளில் நம் உழவர்கள் பி.எச்.சி. பவுடர் என்று சொல்லி வயலில் தூவியதையும், டி.டி.டி.யையும் அவர்கள் தேடினார்கள். ஆகஸ்டு முதல் ஜனவரி வரை காற்றில் அவற்றின் அளவு ஏறிற்று. வெயில் காலத்தில் இறங்கிற்று. சம்பா நாற்று விட்டது முதல் கதிர் முற்றும் வரையுள்ள மாதங்கள் அவை. உழவருடைய பஞ்சாங்கம் காற்றில் எழுதப்பட்டிருந்தது என்று சொன்னால் அது மிகையன்று.

இதைவிடத் திகைப்பூட்டும் கணக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1991-இல் வெளிவந்தது. வெள்ளாற்றுப் படுகை வயல்களில் போட்ட பி.எச்.சி. கடைசியில் எங்கே போகிறது என்று அதே குழுவினர் வரவு செலவு பார்த்தார்கள். வாய்க்கால் வழியே ஆற்றுக்கும், ஆற்றின் வழியே கடலுக்கும் போகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். கழிமுகத்துக்கு வந்து சேர்ந்ததோ நூற்றில் அரை பங்குக்கும் குறைவு, 0.4. மீதமுள்ள 99.6 பங்கும் நம் நாட்டு வெயிலில் ஆவியாகிக் காற்றுக்குப் போய்விட்டிருந்தது. மண்ணில் போட்டோம், நெல்லைக் காத்தோம், மழை கழுவிவிட்டது என்று நாம் கண்ணை மூடிக்கொண்ட அந்த முழு வினையும் வானத்தில் ஏறிக்கொண்டிருந்தது. குளிர் தேசத்து ஆராய்ச்சிகளை வைத்துக்கொண்டு இதை ஊகித்திருக்க முடியாது. உஷ்ணப் பிரதேசத்தின் தர்மம் வேறு.

ஏறியது எங்கே இறங்குகிறது? இவ்வகைச் சேர்மங்கள் வெப்பத்தில் ஆவியாகி, குளிரில் படிந்து, மறுபடி வெப்பம் வந்தால் எழுந்து, இப்படித் தாவித் தாவித் துருவங்களை நோக்கிப் போகின்றன. கனடாவின் வடகோடியில் வாழும் இனூயிட் மக்கள், வயல் என்று ஒன்றை உழுதறியாதவர்கள். பூச்சிமருந்து தெளிக்க அவர்களுக்கு ஒரு செடியும் இல்லை. அவர்கள் குலத்துத் தாய்மார்களின் பாலில் தொழிற்சாலை இரசாயனங்களும் பூச்சிமருந்துகளும் கலந்திருப்பதை ஆராய்ச்சியாளர்கள் 1980-களில் கண்டார்கள்.

இங்கேதான் நம்முடைய வினைக் கோட்பாடு ஒரு நெருக்கடிக்கு உள்ளாகிறது. செய்தவன் எவனோ அவனே துய்ப்பான் என்பது அதன் அஸ்திவாரம். ஆனால் காற்றில் கலந்த விஷத்தைச் செய்தவன் யார்? பவுடரைத் தூவிய உழவனா, தயாரித்த ஆலையா, மானியம் கொடுத்த அரசா, மலிவாக அரிசி கேட்ட நகரத்தானா? துய்ப்பவனோ இவர்களில் யாரையும் அறியாத ஒரு சிசு. இந்தச் சிக்கலை அவிழ்க்க நம்மில் பலர் ஒரு சுலபமான வழியை வைத்திருக்கிறார்கள்: அந்தச் சிசு தன் பூர்வ ஜன்ம வினையைத்தான் அனுபவிக்கிறது, கருவி மட்டுமே நாம் என்பது. இந்தச் சமாதானத்தை நான் தத்துவமாக மதிக்க மறுக்கிறேன். காசர்கோடு மாவட்டத்தில், முந்திரித் தோட்டங்களின்மேல் 2000-ஆம் ஆண்டு வரை ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பானைத் தெளித்தபின், ஊனத்தோடு பிறந்த பிள்ளைகளை மடியில் வைத்திருந்த தாய்மாரிடம் போய் இந்த விளக்கத்தைச் சொல்லிப் பார்த்தால் அதன் உண்மையான முகம் தெரியும். 2011 மே 13-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த மருந்துக்கு நாடு முழுவதும் தடை விதித்தபோது, பூர்வ ஜன்மத்தை யாரும் பிரதிவாதியாகச் சேர்க்கவில்லை.

நம் மரபில் இதைவிட யோக்கியமான ஒரு விடை இருக்கிறது; தர்ம சாஸ்திரத்தின் ஒரு மூலையில், பெரும்பாலும் புரோகிதர்கள் மட்டுமே நினைவில் வைத்திருக்கும் இடத்தில் இருக்கிறது. இல்லறத்தானுடைய வீட்டில் ஐந்து கொலைக்களங்கள் உண்டு என்று மனுஸ்மிருதி சொல்கிறது: அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம். இவற்றைக் கையாளும்போது எறும்பும் புழுவும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களும் மடிகின்றன. வேண்டுமென்று ஒருவரும் செய்வதில்லை. செய்யாமலும் ஒரு நாள் பிழைக்க முடியாது. இந்த இடத்தில் சாஸ்திரம் இரண்டு சுலபமான வழிகளையும் விட்டுவிடுகிறது. எண்ணம் இல்லையாதலால் பாபம் இல்லை என்று சொல்லவில்லை. பாபம் உண்டாதலால் அடுப்பை அணைத்துவிடு என்றும் சொல்லவில்லை. பாபம் உண்டு, அடுப்பும் எரியட்டும், அதற்கு ஈடாகத் தேவர்க்கும் பிதிரர்க்கும் ரிஷிகளுக்கும் மனிதர்க்கும் மற்ற உயிர்களுக்கும் தினந்தோறும் ஐந்து யக்ஞங்களைச் செய் என்கிறது. அந்தப் புத்தகத்தின் வருண விதிகளோடு எனக்கு ஒரு சமரசமும் கிடையாது. ஆனால் இந்த ஓரிடத்தில் அதை எழுதியவர் வாழ்க்கையைக் கூர்ந்து பார்த்தவர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் பிராயச்சித்தத்தின் முதற்படி, எந்தெந்த இடத்தில் உயிர் மடிகிறது என்பதை எண்ணி, பெயர் சொல்லி ஒப்புக்கொள்வது. ஐந்து என்று எண்ணியிராவிட்டால் ஐந்துக்கும் ஈடு செய்ய வழி பிறந்திராது. கொசுப்புகை இயந்திரம் ஆறாவது கொலைக்களம். அது குடும்பத்துக்கு உரியதன்று, நகரத்துக்கு உரியது; அதன் யக்ஞமும் நகரத்தார் கூடிச் செய்ய வேண்டியது.

உடனே ஒரு குரல் எழும்: அப்படியானால் டெங்குவுக்குப் பிள்ளைகளைக் கொடுத்துவிட்டு அஹிம்சை பேசலாமா? நியாயமான கேள்வி. 2010-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் மும்பையில் மலேரியா பரவியபோது நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கொசுவை விட்டுவிடச் சொல்லும் அஹிம்சை, கொசுவலை வாங்க முடியாதவனுடைய குழந்தையைப் பலியாகக் கேட்கும் அஹிம்சை. 1926-இல் ஆமதாபாத்தில் அம்பாலால் சாராபாய் தம் ஆலை வளாகத்தில் திரிந்த அறுபது தெருநாய்களைக் கொல்லச் செய்தபோது, ஜைனர்கள் கொதித்தெழ, காந்தியடிகள் சாராபாயின் பக்கம் நின்று எழுதினார். ஆயினும் அதை ஹிம்சை அன்று என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. தவிர்க்க முடியாத ஹிம்சை என்றார். அந்த ஒரு அடைமொழிக்குப் பின்னால், தவிர்க்க முடியுமா என்று முன்கூட்டிப் பார்க்கும் கடமை ஒளிந்திருக்கிறது.

பம்பாய் நகரமே அந்தக் கடமையை ஒருமுறை நேர்மையாகச் செய்ய முயன்றதுண்டு. 1911-இல் பென்ட்லி என்ற ஆங்கிலேய வைத்தியர் இந்நகரத்து மலேரியாவை ஆராய்ந்து, கோட்டைப் பகுதி வீடுகளின் கிணறுகளில் வளர்கிற அனோபிலிஸ் ஸ்டெபன்ஸி என்ற கொசுவே காரணம் என்று அறிக்கை கொடுத்தார். கிணறுகளை மூடச் சொன்னார்கள். பார்ஸிகள் மறுத்தார்கள், சூரியனும் காற்றும் தீண்டாத நீர் வழிபாட்டுக்கு ஆகாது என்பது அவர்கள் சம்பிரதாயம். இந்துக்களிலும் கிணற்று நீரைத்தான் பூஜைக்குக் கொள்வோம் என்று நின்றவர்கள் இருந்தார்கள். வழக்கும் விண்ணப்பமுமாக வருஷங்கள் ஓடின. கடைசியில் பல கிணறுகள் தூர்ந்தன, சிலவற்றுக்கு வலையும் கதவும் வைத்தார்கள். இதை எழுதிவைத்த உத்தியோகஸ்தர்கள் மதப்பிடிவாதம் என்று அலுத்துக்கொண்டார்கள். அந்தச் சச்சரவில் ஒரு நன்மை இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது: எந்தக் கிணறு, எத்தனை கொசு, யாருடைய நீர் என்பது வெளிச்சத்தில் வைத்து, கணக்கோடு, சம்பந்தப்பட்டவர்கள் எதிரிலேயே பேசப்பட்டது. தேங்கிய நீரை முதலில் வடிப்பது, தொட்டிகளுக்குக் கொசு புகாத மூடி போடுவது, மருந்தைக் கடைசியில் எடுப்பது என்ற வரிசையும் அந்தக் காலத்திலிருந்தே இந்நகரத்துச் சட்டத்தில் வேரூன்றியது. 1888-ஆம் வருஷத்து மாநகராட்சிச் சட்டத்தின் 381-ஆவது பிரிவு இன்றும் அதற்கு ஆயுதம். நீர்நிலையில் கப்பி மீனை விட்டுக் கூத்தாடிகளைத் தின்னவைக்கும் முறையும் உண்டு. சாத்விகள் அதற்கும் சம்மதிக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

கிணற்றை எண்ணிய நகரம் காற்றை எண்ணவில்லை. எண்ணவே இல்லை என்றும் சொல்ல முடியாது. பூனாவிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனம் 2015-இல் மும்பையில் சபர் என்ற பெயரில் காற்றளக்கும் நிலையங்களை அமைத்தபோது, அவற்றில் ஒன்றைப் பாண்டுப்பில் வைத்தார்கள். தூசித் துகளும் ஓசோனும் நைட்ரஜன் வாயுவும் அங்கே அளவாகின்றன. நாடு முழுமைக்கும் காற்றின் தரத்துக்காக 2009 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட அட்டவணையில் பன்னிரண்டு பொருள்கள் உண்டு: கந்தக டையாக்ஸைடு, நைட்ரஜன் டையாக்ஸைடு, பெரிதும் சிறிதுமாக இருவகைத் துகள்கள், ஓசோன், ஈயம், கார்பன் மோனாக்ஸைடு, அம்மோனியா, பென்சீன், பென்சோபைரீன், ஆர்சனிக், நிக்கல். பூச்சிமருந்து ஒன்றுகூட இல்லை. அரிசியில் எத்தனை எச்சம் இருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. புட்டித் தண்ணீருக்கு, டெல்லியில் ஒரு சுற்றுச்சூழல் மையம் 2003-இல் பரிசோதித்து அம்பலப்படுத்தியபின், லிட்டருக்கு 0.0001 மில்லிகிராம் என்று ஒவ்வொரு மருந்துக்கும் கறாரான எல்லை உண்டு. உண்பதற்கும் குடிப்பதற்கும் விதித்த எல்லை சுவாசிப்பதற்கு இல்லை. உணவை ஒருநாள் ஒதுக்கலாம், நீரை மாற்றி வாங்கலாம். மூச்சை ஒதுக்கிவைக்க எந்த யோகியாலும் அதிக நேரம் ஆகாது.

அளந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் சான்று இல்லாமல் இல்லை. 2006-07 குளிர்காலத்தில் மும்பை, சென்னை, டெல்லி, கல்கத்தா, பெங்களூர், கோவா, ஆக்ரா ஆகிய ஏழு இடங்களில், மேலே சொன்ன நுரைப்பஞ்சு வில்லைகளைத் தொங்கவிட்டு, பரோமிதா சக்ரவர்த்தி முதலிய ஆராய்ச்சியாளர்கள் பார்த்தார்கள். பி.எச்.சி. 1997-இலும், விவசாயத்தில் டி.டி.டி. 1989-இலும் தடையானவை. இரண்டும் காற்றில் இருந்தன. எண்டோசல்பானும் குளோர்டேனும் இருந்தன. உலகில் அதுவரை பதிவான உயர்ந்த அளவுகளோடு வைத்து எண்ணத்தக்க அளவில் இருந்தன. பிரான்ஸ் தேசத்தில் 2018-19-இல் ஐம்பது இடங்களில் எழுபத்தைந்து மருந்துகளைத் தேடியபோது, அங்கே விவசாயத்தில் இருபது வருஷங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்ட லிண்டேன் பெரும்பாலான இடங்களில் அகப்பட்டது. கலிபோர்னியா மாநிலம் 2011 முதல் வயலோர ஊர்கள் சிலவற்றில் வாரந்தோறும் காற்றெடுத்து முடிவுகளை அச்சிடுகிறது. தடை என்பது செயலை நிறுத்துகிறதே தவிர வினையைத் துடைப்பதில்லை என்று ஒரு சமண முனிவர் இதைக் கேட்டால் சொல்லியிருப்பார். அவருக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இராது.

சமணர்களிடமே அந்தப் பழைய வழக்குக்கு ஒரு நுட்பமான தீர்ப்பும் இருக்கிறது. எண்ணமா விளைவா என்று கட்சி கட்டிக்கொண்டு நின்ற காலத்திலேயே, உமாசுவாதி தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் சொல்லும்போது அசாவதானத்தை நடுவே வைத்தார்: கவனம் தவறிய நிலையில் ஒருவன் உயிரைப் பிரிப்பதே ஹிம்சை. நுகத்தடி தூரம் முன்னே பார்த்து, பாதையைச் சோதித்து அடி வைத்த துறவியின் காலடியில் எதிர்பாராமல் ஒரு பூச்சி சிக்கினால் அவருக்கு ஹிம்சையின் தோஷம் இல்லை. பாராமல் நடந்தவன் காலடியில் ஒன்றும் சாகாவிட்டாலும் அவன் ஹிம்சகன். நான் அறியேன் என்று சொல்லும் உரிமை, அறிய முயன்றவனுக்கு மட்டுமே உண்டு என்பதாக இதை விரித்துக்கொண்டால், நம் வழக்கு முடிந்துவிடுகிறது. 1911-க்கு முன் கொசுவை அறியாத பம்பாய்வாசி நிரபராதி. 1987-க்கு முன், வயலில் போட்டது வானத்துக்குப் போகிறது என்று அறியாத தமிழ் உழவன் நிரபராதி. ஒரு நுரைப்பஞ்சு வில்லையைத் தொங்கவிட்டால் தெரிந்துவிடும் காலத்தில், தொங்கவிடாமல் இருக்கிற நகரம் நிரபராதி என்று நான் கருதவில்லை.

புகை அடிக்கும் ஊழியரையோ, அவருக்கு மேலுள்ள அதிகாரியையோ குற்றக்கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் கைக்குட்டைக்குப் பின்னால் நம் எல்லோரையும்விட அதிகமாக அந்தக் காற்றை உண்கிறவர் அவர்தான். குறை தனி ஆளிடம் இல்லை, நம் வழக்கத்தில் இருக்கிறது: இத்தேசத்துச் சட்டங்கள் பெரும்பாலும் பிணங்களின்மேல்தான் எழுந்திருக்கின்றன. 1958-இல் பம்பாயிலிருந்து கொச்சிக்குப் போன ஒரு கப்பலில் கோதுமை மாவையும் பாலிடால் என்ற பூச்சிமருந்தையும் சேர்த்து ஏற்றியதனால், கேரளத்திலும் சென்னை ராஜ்யத்திலும் அந்த மாவைத் தின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். விசாரணைக் கமிஷன் அமைந்து, பத்து வருஷம் கழித்து, 1968-இல் பூச்சிமருந்துச் சட்டம் பிறந்தது. 1984 டிசம்பரில் போபாலில் நடந்ததும் ஒரு பூச்சிமருந்து ஆலையின் காற்றுதான். அதன்பின் 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இந்த முறை பிணத்துக்காகக் காத்திராமல் கணக்கிலிருந்து தொடங்கலாம். பாண்டுப்பில் நிலையம் இருக்கிறது, சாலைக்கு அப்பால் பவாயில் ஐ.ஐ.டி. இருக்கிறது, பஞ்சு வில்லை மலிவானது.

தமிழ்ச் சங்கங்களும் பஜனை மண்டலிகளும் கணபதி மண்டபங்களும் மலிந்த இந்தப் புறநகரில் வாசகர் ஒவ்வொருவரும் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தம் சந்தில் எந்தத் தேதியில், எந்த மருந்தை, எந்த அளவில், எதனோடு கலந்து அடித்தார்கள் என்பதை மாநகராட்சியின் எஸ் வார்டு அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்கலாம். ஊழியருக்கு முகமூடி கொடுத்தார்களா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி இந்த விண்ணப்பத்துக்குக் கட்டணம் பத்து ரூபாய். பதில் தர அவர்களுக்குள்ள தவணை முப்பது நாள்.